பக்கத்து சீட்டு பிரேக்

சின்னச் சின்ன ரிப்பேருக்கெல்லாம் மெக்கானிக்கைத் தேடிப் போகிறவனை மாஸ்டர் மனிதனாகவே மதிக்க மாட்டார். "தலைவலிக்கு யாராவது ஆபரேஷன் பண்ணிப்பாங்களா?" என்று கேட்பார். வைப்பருக்குத் தண்ணீர் பீய்ச்சவில்லையா, ஒரு குண்டூசி போதும். கதவு கடகடக்கிறதா, பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு. முன்விளக்கு மங்கிப்போனால் பல் விளக்குகிற பேஸ்ட்டைப் பிதுக்கி, கை வலிக்க வலிக்கத் தேய்ப்பார். மறுநாள் காலையில் வீட்டில் பேஸ்ட் இருக்காது. "இந்த வீட்டுல காருக்கு மட்டும்தான் பல்லு பளபளன்னு இருக்கு" என்பாள் அவர் மனைவி.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஒரு கார், அதன் கூரையில் ஒரு போர்டு, இவர் ஒருத்தர். ஸ்கூல் என்பது அவ்வளவுதான். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, இவர் பக்கத்து சீட்டில் இருப்பார். இவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அங்கிருந்து ஒரு இரும்புக் கேபிள் டிரைவர் பக்கத்துப் பெடலுக்குப் போகும். இவர் இங்கே மிதித்தால் அங்கே பெடல் இறங்கும். கூட்டத்தைக் கண்டதும் கைகால் உதறுகிறவர்களுக்காக அந்த ஏற்பாடு. தன்னிடம் கற்றுக்கொண்ட ஒருத்தரும் தன் வண்டியை எதிலும் இடித்ததில்லை என்பதில் மாஸ்டருக்குக் கர்வம் உண்டு. தலைகால் புரியாத கர்வம்.

அப்படி இருந்த மனிதருக்கு ஒரு நாள், பாடம் நடக்கும்போதே, வலிப்பு வந்துவிட்டது. இனிமேல் வண்டிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். ஸ்கூலை மூடியாயிற்று. கார் மட்டும் மிஞ்சியது.

மனைவி பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். தெருவில் அவளுக்கு மாஸ்டரம்மா என்று பெயர். துணி மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றி இறக்கி இடுப்பொடிந்து போனவள். மாஸ்டரிடமே ஓட்டப் பழகி லைசென்சும் வாங்கியிருந்தாள். அவர் ஓட்டக்கூடாது என்று ஆன பிறகு அவள்தான் ஓட்டினாள். "நீ பாட்டுக்கு ஓட்டு, பக்கத்துல நான் இருக்கேன்ல" என்று அவர் கூடவே வருவார். நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டு இத்தனை நிதானமாக ஓட்டுகிறாளே என்று தெருவே பேசியது. அவளுக்கும் அதில் ஒரு சந்தோஷம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் தான் வேறொருத்தி என்று அவளுக்குத் தோன்றும்.

ஸ்கூல் வண்டியை வீட்டு வண்டியாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால் பக்கத்து சீட்டுப் பெடல்களை எடுத்துவிட வேண்டும் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லிவிட்டார்கள். விடுமுறை நாள் பார்த்து மாஸ்டர் வேலையில் இறங்கினார். முன்தினம் பெய்த மழையில் வாசல் முற்றம் சேறாகக் கிடந்ததால் காரைத் தெருவிலேயே நிறுத்திக்கொண்டார். கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிற மகன், வீட்டில் இருந்தவன், டார்ச் அடித்தான்.

"ஏங்க, இது பிரேக் விஷயம். பட்டறையில கொடுத்துடலாமே" என்றாள் அவள், தைத்துக்கொண்டிருந்த காலர் கையோடு வந்து நின்று.

காரின் தரையில் தலையை விட்டுக்கொண்டு, கால்கள் வெளியே நீட்டிக்கிடக்க, மாஸ்டர் உள்ளிருந்தே பதில் சொன்னார். "பூட்டினவனுக்குக் கழட்டத் தெரியாதா? இதை மாட்டினதே நான்தான்."

"அப்பா, ஒரு போல்ட் மிச்சம் இருக்கு பாருங்க."

"அது இந்தப் பெடலோடதுடா. மெயின் பிரேக்ல நான் கையே வெக்கல."

"மிச்சம் வந்தா நல்லதுதான். கார் கொஞ்சம் இளைக்கட்டும், உங்கப்பாவைச் சுமந்து சுமந்து பெருத்துப் போச்சு" என்றாள் அவள். மகன் சிரித்த சிரிப்பில் டார்ச் ஆடியது. "வெளிச்சம், வெளிச்சம்!" என்று உள்ளேயிருந்து ஒரு கத்தல் வந்தது.

வேலை என்று பார்த்தால் சுத்தமான வேலை. கேபிளைச் சுருட்டி எடுத்தார். தரையிலிருந்த ஓட்டைகளைப் பசை பிசைந்து அடைத்தார். மேலே ரப்பர் மேட்டை விரித்ததும் அங்கே பெடல் இருந்ததாகச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். பம்பரிலிருந்த ஸ்கூல் பெயரையும் வெந்நீர் ஊற்றிச் சுரண்டினார். அதற்குள் வானம் மறுபடியும் கறுத்தது.

"மழை வருது. வண்டியை உள்ள விடு" என்றார்.

அவள் ஏறினாள். பழக்க தோஷத்தில் அவரும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். மகன் ஓடிப்போய் கேட்டைத் தள்ளித் திறந்துவிட்டு, எப்போதும் போல உள்ளே சுவரோரமாக நின்று "வா, வா" என்று கையாட்டினான். தெருவிலிருந்து முற்றம் சரிவாக இறங்கும். திரும்பினாள், காலைப் பிரேக்கில் வைத்தாள். அந்த இடத்தில் பெடல் அவள் காலடியில் வெண்ணெய் போல இறங்கும்; சுவருக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றுவிடும். தினமும் அப்படித்தான். அன்று கால் இருந்த இடத்தில் இருந்தது, பெடல் இறங்கவில்லை. இதோ இறங்கும், இதோ நிற்கும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் தொம் என்று ஒரு சத்தம். மகனின் கை ஆட்டத்தை நிறுத்தி, விரிந்து, பானெட்டைத் தள்ளப் பார்த்தது.

மகனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு பொங்கியதும் தெரியாது, தின்றதும் தெரியாது. மாஸ்டரின் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். அடுப்படியை அவள் எடுத்துக்கொண்டாள்; கூடவே நாக்கையும் கொண்டுவந்திருந்தாள்.

"நீ பிரேக்கை மிதிச்சியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"மிதிச்சேன் அண்ணி. எப்பவும் மிதிக்கற மாதிரிதான் மிதிச்சேன். நிக்கல."

"அப்போ என் தம்பி கழட்டினதுல கோளாறுங்கறியா?"

"எனக்குத் தெரியல அண்ணி. மிதிச்சேன், நிக்கல. அவ்வளவுதான் தெரியும்."

போலீஸ்காரர் வந்து கேட்டபோதும் இதையேதான் சொன்னாள். மாஸ்டர் வீட்டிலேயே பிரேக்கைக் கழற்றிய கதை அதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. "கை இருக்கறவன் எல்லாம் மெக்கானிக்கா?" என்று மாஸ்டரின் காதுபடவே பேசினார்கள். மாஸ்டர் வாயே திறக்கவில்லை. கடைசியில் அவர் இத்தனை வருஷம் மதிக்காத பட்டறை மெக்கானிக்கே வந்து சேர்ந்தார். சக்கரங்களைக் கழற்றினார். ஆயில் பார்த்தார், குழாய் பார்த்தார், பெடலை மிதித்து மிதித்துப் பார்த்தார். தெருவில் ஓட்டிப்போய் நிறுத்திப் பார்த்தார். ஜனங்கள் சுற்றி நின்றார்கள்.

"பிரேக்ல ஒரு குத்தமும் இல்ல" என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. "பெடல் கல்லு மாதிரி இருக்கு, மிதிச்சா மிதிச்ச இடத்துல நிக்குது. சும்மா சொல்லக்கூடாது மாஸ்டர், உங்க வேலை சுத்தம்."

மாஸ்டர் அடக்கியிருந்த மூச்சை விட்டார். அந்த ஒரு நொடி அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்து போனதை அவள் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். பெற்ற பிள்ளை ஒற்றைக் காலோடு கிடக்கிறான், இவருக்கு வேலை சுத்தம் என்றதும் முகம் மலர்கிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவரை அவள் வெறுத்தாள். வேறு வார்த்தை போட்டு மூடிச் சொல்ல ஒன்றுமில்லை.

நாத்தனார் விடுவாளா? "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். பதறிட்டேன், கால் மரத்துப் போச்சுன்னு சொல்லேன். யாருக்கும் நடக்கும். பெத்தவ வேணும்னா ஏத்துவா? பிரேக்கு மேல பழி போடறதுதான்டி அசிங்கமா இருக்கு."

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மகன் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. கண்ணைத் திறந்த நாளிலிருந்து அவன் அவளிடம் பேசவில்லை. அவள் வார்டுக்குள் நுழைந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். ஒரு நாள் மட்டும், அப்படித் திரும்பியபடியே, பேசினான்.

"என்னைப் பாத்துகிட்டே வந்தம்மா. நான் கையைக் காட்டறேன், நீ அப்படியே பாத்துகிட்டே வந்து ஏத்தின. தெரியாம நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் எனக்கு. மெக்கானிக் பாத்துட்டார்ல? இன்னமும் ஏன் பொய் சொல்ற?"

"மிதிச்சேன்டா கண்ணு."

"சரி, போ."

அவன் கேட்டது ஒரு வார்த்தை. மிதிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் மகன் திரும்புவான். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள். வாய் வந்தது, மனசு வரவில்லை. காலில் இன்னமும் அந்தப் பெடலின் ரப்பர் உறுத்துகிறதே! பிறகு அதுவே சந்தேகமாயிற்று. ஒருவேளை மிதிக்கவே இல்லையோ? பைத்தியக்காரிக்குத் தான் பைத்தியம் என்று தெரியுமா? மிஷினில் உட்கார்ந்தால் தையல் கோணிக்கொண்டு போனது. தன் காலையே அவளுக்கு நம்ப முடியவில்லை.

மாஸ்டரோ பகலில் ஆஸ்பத்திரியில் இருந்தார், வீட்டுக்கு வந்தால் காரடியில் இருந்தார். நசுங்கிய பம்பரைக் கழற்றி, மரக்கட்டை கொடுத்து, டொக் டொக் என்று தட்டி நிமிர்த்தினார். அது முடிந்ததும் கிளட்ச்சைக் கையால் அழுத்துகிற மாதிரி ஒரு நெம்புகோல் செய்ய ஆரம்பித்தார். மகன் நாளைக்கு ஒற்றைக் காலால் ஓட்ட வேண்டுமாம். அவளிடம் ஒரு வார்த்தை கிடையாது. அவள் முகத்தைப் பார்ப்பதும் கிடையாது. தன் மேல் கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நியாயம்தானே என்றும் நினைத்துக்கொண்டாள்.

ஒரு காலை வேளையில் பேக்கரிக்காரம்மா பார்க்க வந்தாள். மாஸ்டரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவள். பெரிய உடம்பு, பெரிய குரல், கையில் ஒரு பை நிறைய ரொட்டி. அந்த நேரம் மாஸ்டர் ஆஸ்பத்திரியில் இருந்தார், நாத்தனார் கடைக்குப் போயிருந்தாள்.

"அழாதம்மா. எனக்கும் ஆச்சு தெரியுமா? என் நல்ல நேரம், ஷட்டரோட போச்சு. சொந்தக் கார் வாங்கின முத வாரமே ரெண்டு தடவை கடை ஷட்டர்ல கொண்டு போய் முட்டினேன். எங்க வீட்டுக்காரர் திட்டின திட்டு இருக்கே, நாய்கூடக் கேக்காது."

"நீங்க நல்லா ஓட்டுவீங்கன்னு மாஸ்டர் சொல்வாரே."

"மாஸ்டர் வண்டியில ஓட்டினேன். அது என்ன வண்டி! சும்மா காலை வெச்சாப் போதும், பூ மாதிரி நிக்கும். என் கார்ல எழுந்து நின்னு மிதிக்க வேண்டியிருக்கு. அப்புறம் பழகிடுச்சு. உங்க வீட்டு பிரேக்கு மாதிரி எங்கயும் வராதும்மா."

மாஸ்டரம்மா முகத்தைத் துடைப்பதை நிறுத்தினாள். "மெக்கானிக் ஓட்டிப் பாத்துட்டு கல்லு மாதிரி இருக்குன்னார்."

"கல்லா? நான் ஓட்டறப்போ வெண்ணெய்ம்மா அது."

அவள் எழுந்து ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். "என்கூட வாங்க. எனக்கு ஒண்ணு பாக்கணும்."

"ஐயோ, இந்த நிலைமையிலயா? வேண்டாம்மா."

"வாங்கன்னா வாங்க. நீங்க பின்னாடி உக்காருங்க. முன்னாடி யாரும் உக்கார வேண்டாம்."

மாஸ்டர் முன்பு பாடம் நடத்திய வெற்று மைதானம் தெருக்கோடியில் இருந்தது. நடுங்கிக்கொண்டேதான் அங்கே போய்ச் சேர்ந்தாள். ஒரு மேட்டிலிருந்து காரை இறக்கி, எப்போதும் வைக்கிற மாதிரி காலைப் பிரேக்கில் வைத்தாள். கார் போய்க்கொண்டே இருந்தது. பெடல் இறங்குவதற்காகத் தன் கால் காத்துக்கொண்டிருப்பதை அவள் உணர்ந்தாள். ஆமாம், காத்துக்கொண்டிருந்தது. பல மாதமாக அவள் கால் பெடலை மிதிக்கவே இல்லை. இறங்குகிற பெடலின் மேல் அது சவாரி போய்க்கொண்டிருந்தது.

"மிதிம்மா! கோவத்தோட மிதி!" என்று பின்னாலிருந்து பேக்கரிக்காரம்மா அலறினாள்.

மிதித்தாள். கார் குலுங்கி, புழுதி கிளப்பி, நின்றது. பேக்கரிக்காரம்மாவின் மூக்கு முன் சீட்டில் மோதியது. மாஸ்டரம்மா ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து ஓவென்று அழுதாள். அன்றைக்குப் பக்கத்தில் கேட்ட தொம் என்ற சத்தம் என்னவென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மத்தியானம் மாஸ்டர் சாப்பாட்டுக் கேரியரோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். கார் வேறு திசை பார்த்து நிற்பதைக் கண்டு வாசலிலேயே தயங்கினார்.

"யாரு எடுத்தா?"

"நான்தான். உக்காருங்க. ஒண்ணு கேக்கணும்." கூடத்தில் நாத்தனாரும் இருந்தாள், இருக்கட்டும் என்றுதான் கேட்டாள். "நான் ஓட்டறப்போ நீங்க மிதிச்சுகிட்டே இருந்தீங்களா?"

மாஸ்டர் கேரியரைக் கீழே வைத்தார். மூடி உருண்டு போனது, யாரும் எடுக்கவில்லை.

"சொல்லுங்க."

"எல்லாருக்குமே அப்படித்தான்" என்றார் தரையைப் பார்த்து. "புதுசா ஓட்ட வர்றவங்களுக்கு, மாஸ்டர் மிதிச்சாருன்னு தெரிஞ்சா தைரியம் போயிடும். அதனால தெரியாம மிதிப்பேன். அவங்க கால் வெக்கறப்பவே நானும் மெதுவா... அவங்களே நிறுத்தின மாதிரி இருக்கும். ஒரு சந்தோஷம் வரும் பாரு, முகத்துல."

"என்னைக்கு விட்டீங்க?"

"விடணும் விடணும்னுதான் இருந்தேன்."

"லைசென்ஸ் டெஸ்ட்ல?"

"ஆபீசர் மரத்தடியில நின்னு பாத்தாரு. பக்கத்துல நான்தானே இருந்தேன்."

"அன்னைக்கு?"

"மிதிச்சேன். வெறும் தரையை மிதிச்சேன். நானே கழட்டினேன், என் கையாலதான் கழட்டினேன், ஆனா காலுக்கு அது தெரியலம்மா. ஏன் நிக்கலன்னு நானும்தான் முழிச்சேன். ஆஸ்பத்திரி பெஞ்சில உக்காந்தப்புறம்தான் உறைச்சுது."

"அன்னைக்கே உறைச்சுதா?" அவள் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "போலீஸ் கேட்டப்போ தெரியும். மெக்கானிக் சுத்தம்னு சொன்னப்போ தெரியும். உங்க அக்கா என்னை மேடை கோணல்னு சொன்னப்போ அந்த ரூம்லதான் சோறு தின்னுட்டு இருந்தீங்க. என் புள்ள என்னைப் பொய்க்காரிங்கறான். நான் பாத்ரூம்ல நின்னு பொய் சொல்லப் பழகிட்டு இருக்கேன். நீங்க பம்பரை நிமித்தறீங்க!"

"வாய் வரலடி."

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு விட்டுட்டீங்க."

நாத்தனார் உருண்டு போன மூடியைத் தேடி எடுத்தாள்.

"எழுந்திருங்க. இப்பவே போய் அவன்கிட்ட சொல்லணும்."

"பஸ்ல போயிடலாம்."

"பஸ் வேண்டாம். நான் ஓட்டறேன்."

காரில் ஏறியதும் அவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போலக் கால்களை முன்னால் நீட்டினார். அவள் எஞ்சினைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"காலை மடக்குங்க."

"என்ன?"

"காலை சீட்டு மேல மடக்கி, சம்மணம் போட்டு உக்காருங்க. அப்பதான் வண்டி நகரும்."

ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவள் ஓட்டினாள். அழகான ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முனையிலும் கார் தூக்கிப்போட்டு நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அலறவிட்டுத் திட்டினான். சிக்னலில் ஒரு லாரி குறுக்கே வந்தபோது மாஸ்டரின் தொடை துடித்ததை அவள் பார்த்தாள். அவர் இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் தன் காலால் மிதித்தாள். கார் லாரிக்கு வெகு தூரத்திலேயே நின்றது. இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள்.

வார்டில் மகன் விழித்திருந்தான். அவளைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பினான். மாஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடக்கிற இடம் அது. அங்கே நின்றுகொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். இடையில் நர்ஸ் வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போனாள். நிறுத்திவிட்டு, அவள் போனதும் விட்ட இடத்திலிருந்து சொன்னார்.

மகன் மெல்லத் திரும்பினான். "அன்னைக்கு நீங்களும் மிதிச்சீங்களா?"

"மிதிச்சேன்டா."

"வெறுந்தரையை."

"ஆமா."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்கு அவன் நாலு வார்த்தை கெட்டதாகவே திட்டியிருக்கலாம். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றதும் அவன் அம்மாவைப் பார்த்தான். முகத்தை நேராகப் பார்த்தான், எத்தனையோ நாளைக்குப் பிறகு.

"அப்போ நீ மிதிச்சிருக்க."

"எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு மிதிச்சேன்டா. அதுக்கு மேல மிதிக்கணும்னு எனக்குத் தெரியாதுப்பா."

மகன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் வழிந்தது. அவள் முந்தானையால் துடைக்கப் போனாள், தட்டிவிடவில்லை. கால் போனது போனதுதான். யார் மிதித்தால் என்ன, மிதிக்காவிட்டால் என்ன, அது முளைக்கப் போவதில்லை. ஆனாலும் அவள் கை அவன் கன்னத்தில் இருந்தது, அவன் விலகவில்லை.

"நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்களாம், டாக்டர் சொன்னாரு" என்றார் மாஸ்டர், எதையாவது சொல்ல வேண்டுமே என்று. "ஆட்டோ சொல்லிடவா?"

"எதுக்கு ஆட்டோ? எதுல வந்தீங்க இப்போ?"

"கார்ல. அம்மாதான் ஓட்டினா."

"நாளைக்கும் அம்மாவே ஓட்டட்டும்." கண்ணைத் திறக்காமலே சொன்னான். "நான் முன்னாடி உக்காந்துக்கறேன். நீங்க பின்னாடி உக்காருங்கப்பா."

மாஸ்டர் சரி என்று தலையாட்டினார். அவன் கண் மூடியிருந்ததால் வாயாலும் சரி என்று சொன்னார்.